நடையா, எடையா? – உடற்பயிற்சி குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

உடல் எடையைக் குறைப்பது பற்றிய கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிவளைத்து ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: நடந்தால் போதுமா, ஜிம்முக்குப் போய் எடை தூக்க வேண்டுமா, இரண்டையும் செய்தால் ஒன்று மற்றதைக் கெடுத்துவிடுமா? ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம் என்பதற்காக, எழுதியவரின் நிலைமை வேறுபடும் சில கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டு, சுருக்கி, பெயர்களை நீக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 43. கீழமாசி வீதியில் மளிகை வியாபாரம். பகல் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வேலை. 88 கிலோ இருந்தேன். எட்டு மாதமாக வாரத்தில் ஆறு நாள் அதிகாலையில் வண்டியூர் தெப்பக்குளத்தை ஐந்து சுற்று நடக்கிறேன். முதல் நான்கு மாதத்தில் 6 கிலோ குறைந்தது. அதன் பிறகு எடை அசையவே இல்லை. நடந்து முடித்ததும் ஒரு டீயும் இரண்டு உளுந்த வடையும் சாப்பிடுகிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜிம்மில் விசாரித்தபோது அங்கிருந்த மாஸ்டர், ‘நடப்பதை நிறுத்திவிடுங்கள், தசை கரைந்துபோகும், எடை தூக்கினால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும்’ என்கிறார். கூட நடக்கும் நண்பர்கள், நாற்பதைத் தாண்டியவன் இரும்பைத் தொடக் கூடாது என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், காமராஜர் சாலை, மதுரை

பதில்: இரண்டு தரப்பும் சொல்வதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் எடை தூக்கச் சொல்வது சரி, நடையை நிறுத்தச் சொல்வது தவறு. நண்பர்கள் உங்களை நடக்க வைத்திருப்பது சரி, இரும்பைக் கண்டு பயமுறுத்துவது தவறு.

எடை ஏன் நின்றுவிட்டது என்பதை முதலில் பார்ப்போம். தெப்பக்குளத்தின் ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஐந்து சுற்று ஏறக்குறைய 6 கிலோமீட்டர். 82 கிலோ எடையுள்ள ஒருவர் இதை ஒரு மணி நேரத்தில் நடந்தால், அந்த ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியதைக் கழித்தபின், கூடுதலாகச் செலவாவது சுமார் 280 கலோரி. எண்ணெயில் பொரித்த இரண்டு உளுந்த வடையும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் கிட்டத்தட்ட அதே கணக்குக்கு வந்துவிடுகின்றன. மொத்த வியாபாரம் செய்பவருக்கு வரவையும் செலவையும் நான் விளக்க வேண்டியதில்லை. வடை இல்லாமலே நடந்திருந்தாலும், ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருப்பதால், வாரம் ஆறு நாள் நடையில் ஒரு கிலோ கரைய நாலரை வாரம் பிடிக்கும். உடல் இலேசாக ஆக, அதே தூரத்தை நடக்க ஆகும் செலவும் குறைந்துகொண்டே வரும். தொடக்கத்தில் வேகமாகக் குறைந்ததும் பிறகு நின்றதும் இப்படித்தான்; உங்கள் உடம்பில் கோளாறு இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை.

அடுத்து, குறைந்த அந்த 6 கிலோவும் கொழுப்பா என்ற கேள்வி இருக்கிறது. எடை பார்க்கும் கருவிக்குக் கொழுப்பு, தசை, தண்ணீர் என்ற வேறுபாடு தெரியாது. தசைக்கு வேலை கொடுக்காமல் உணவைக் குறைத்து மட்டும் இளைப்பவர்களில், குறையும் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கொழுப்பு அல்லாத திசுவாக இருக்கிறது. அதில் தசையும் அடக்கம். நடையில் கால்களுக்கு ஓரளவு வேலை கிடைக்கிறது. முதுகு, தோள், மார்பு, கை ஆகியவற்றுக்கு அது எந்த வேலையையும் தருவதில்லை. ஆண்டுக்கணக்கில் தவறாமல் நடப்பவர்கள், கடையில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை எடுத்து வண்டியில் வைக்க ஆள் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். இதில் என் பங்குக் குற்றமும் உண்டு. பயிற்சியாளராக இருந்த முதல் பத்து ஆண்டுகளும், உடம்பைக் குறைக்க வந்தவர்களை நடைக்கும் சைக்கிளுக்கும் அனுப்பிவிட்டு, எடைகளை இளைஞர்களுக்கு மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தேன். இளைத்தவர்கள் முகம் வாடிப் போய், ‘எடை குறைந்தது, தெம்பும் குறைந்துவிட்டது’ என்று சொன்ன பிறகுதான் தவறு புரிந்தது.

‘தூங்கும்போதும் எரியும்’ என்பது ஜிம்களில் அடிக்கடி கேட்கும் வசனம். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் மிகச் சிறிய அளவில்தான். ஒரு கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்குச் சுமார் 13 கலோரியைச் செலவழிக்கிறது; ஒரு கிலோ கொழுப்பு சுமார் 4 முதல் 5 கலோரியை. ஆறு மாதம் உழைத்து இரண்டு கிலோ தசையைச் சேர்த்துக்கொண்டாலும், அதனால் கூடுதலாகச் செலவாவது ஒரு வடையில் ஏறக்குறைய கால் பங்குதான். பயிற்சி நேரத்திலும், செட்டுக்கும் செட்டுக்கும் (தொடர்ந்து தூக்கும் சில தடவைகள் ஒரு செட்) இடையிலான ஓய்வைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு மணி நேர எடைப்பயிற்சியில் செலவாவது வேகநடைக்கு நிகராகவோ சற்றுக் குறைவாகவோதான் இருக்கும். எடைப்பயிற்சியைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் கலோரி அல்ல. உணவைக் குறைத்து உடல் இளைக்கும் காலத்தில், எதை வைத்துக்கொள்வது எதைக் கரைப்பது என்று உடல் தீர்மானிக்கும்போது, தினமும் வேலை செய்யும் தசையை அது எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

இரண்டையும் ஒப்பிட்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் செய்து 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்கள் கேள்விக்கு நேராகவே பொருந்துகிறது. அதிக எடையோ உடல் பருமனோ உள்ள, அதுவரை உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 119 பேர், எட்டு மாதம், உணவில் மாற்றம் எதுவும் செய்யாமல் மூன்று பிரிவாகப் பயிற்சி செய்தார்கள்: ஒரு பிரிவு நடை, ஓட்டம், சைக்கிள் போன்ற கார்டியோ மட்டும், இன்னொன்று எடைப்பயிற்சி மட்டும், மூன்றாவது இரண்டும். எடைப்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குத் தசை கூடியது, உடல் எடை குறையவில்லை. கார்டியோ மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பும் எடையும் குறைந்தன, தசை கூடவில்லை. இரண்டையும் செய்தவர்களுக்குக் கொழுப்பு குறைந்தது, தசையும் கூடியது. ஆனால் அவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு நேரம் செலவழித்தார்கள், கொழுப்புக் குறைவில் கார்டியோ பிரிவினரைவிட அவர்கள் பெரிதாக முந்திவிடவில்லை. உங்கள் மாஸ்டர் சொல்கிறபடி நடையை விட்டுவிட்டு எடை மட்டும் தூக்கினால் உடல் உறுதிப்படும். தொப்பை குறைவதற்குச் சாப்பாட்டுத் தட்டை மட்டுமே நம்பியிருக்க வேண்டும்.

நடந்தால் தசை கரையும் என்ற பேச்சுக்கும் ஒரு மூலம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டு ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர், வாரத்தில் ஐந்து நாள் கால்களுக்குக் கடுமையான எடைப்பயிற்சியும் ஆறு நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும் சேர்த்துச் செய்தவர்களைப் பத்து வாரம் கவனித்தார். ஏழெட்டு வாரம் வரை அவர்களின் பலம் கூடிக்கொண்டே வந்து, பிறகு நின்று, கடைசி இரு வாரங்களில் இறங்கியது. எடை மட்டும் தூக்கியவர்களுக்கோ இறுதிவரை ஏறிக்கொண்டே போனது. அளவுக்கு மீறிய உழைப்பில் உடல் தேற நேரமில்லாமல் போனதன் விளைவு இது. பளு தூக்கும் போட்டிக்குத் தயாராகிறவர் இதைப் பற்றி யோசிக்கலாம். காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றும் மளிகைக் கடைக்காரருக்கு இதில் கவலைப்பட எதுவும் இல்லை.

இனி நடைமுறை. திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாள் ஜிம்முக்குச் செல்லுங்கள். நாற்பது நிமிடம் போதும். பஸ்கி என்று நம் பழைய தேகப்பயிற்சி சாலைகளில் சொன்ன ஸ்குவாட், தரையிலிருந்து எடையை எடுக்கும் டெட்லிஃப்ட், மார்புக்குத் தண்டால் அல்லது படுத்தபடி எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், முதுகுக்கு எடையை உடலை நோக்கி இழுக்கும் ரோயிங், மேலிருந்து இழுக்கும் லாட் புல்டவுன், தோளுக்கு டம்பெல் பிரஸ் என்று ஆறு பயிற்சிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் முதல் மாதம் இரண்டு செட், பிறகு மூன்று செட். செட்டுக்கு 8 முதல் 12 தடவை. பன்னிரண்டாவது தடவை முடியும்போது இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்ற தெம்பு மிச்சமிருக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாள்களில் எல்லாச் செட்டிலும் பன்னிரண்டை எட்டிவிட்டால் இரண்டரைக் கிலோ கூட்டுங்கள். எடையைக் கூட்டாமல் மாதக்கணக்கில் அதே டம்பெல்லை ஆட்டிக்கொண்டிருப்பவர்கள் பயிற்சிக்குக் கட்டணம் கட்டுகிறார்கள், பயிற்சி செய்வதில்லை. செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களில் வழக்கம்போல் தெப்பக்குளம். ஆனால் ஐந்து சுற்றில் இரண்டையாவது, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடங்கள். ஜிம் நாள்களில் பயிற்சி முடிந்ததும் 15 நிமிடம் நடந்தால் கூடுதல் நன்மை. உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும், குறைந்தது இரண்டு நாள் தசைப்பயிற்சியையும் சேர்த்தே சொல்கிறது. நம்மில் பலர் முதல் பாதியோடு படிப்பதை நிறுத்திக்கொள்கிறோம்.

எடைப்பயிற்சியைத் தொடங்கும் முதல் மூன்று நான்கு வாரம் கருவியில் எண் குறையாமல் இருக்கலாம், ஒரு கிலோ கூடவும் செய்யலாம். புதிய வேலையைக் கண்ட தசை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதே காரணம். ஆகவே தையற்கடை டேப் ஒன்றை வாங்கி, வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில், வயிற்றை உள்ளிழுக்காமல் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. வடையை அடியோடு விடச் சொல்ல மாட்டேன், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவையுங்கள்.

கேள்வி: இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் வேலை. வயது 29. அலுவலகம் முடிந்து ஜிம்முக்குப் போனால் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. டிரெட்மில்லை முதலில் செய்வதா, எடையை முதலில் தூக்குவதா? ஒவ்வொருவர் ஒன்று சொல்கிறார்கள். டிரெட்மில் திரையில் ‘கொழுப்பு எரியும் வேகம்’ என்று ஒன்று காட்டுகிறதே, அதில் நடந்தால் போதுமா?
– வாசகர், அண்ணா நகர், மதுரை

பதில்: ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, எடையை முதலில் தூக்குங்கள். கொழுப்பு குறைவதைப் பொறுத்தவரை வரிசையால் பெரிய வித்தியாசம் வருவதில்லை. ஆனால் அரை மணி நேரம் ஓடிக் களைத்த கால்களோடு ஸ்குவாட்டுக்கு நின்றால் முதுகு வளைகிறது, முழங்கால் உள்ளே சாய்கிறது, அடிபடுவதற்கான வாய்ப்பு கூடுகிறது. எடைக்கு 35 நிமிடம், கார்டியோவுக்கு 20 நிமிடம் என்று பிரித்துக்கொண்டால் உங்கள் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஓட்டப் பந்தயத்துக்குத் தயாராகிறவர் மட்டும் ஓட்டத்தை முதலில் வைத்துக்கொள்ளலாம்.

திரையில் காட்டும் அந்த வேகத்தில், செலவாகும் கலோரியில் கொழுப்பின் விகிதம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் மொத்தச் செலவே குறைவாக இருக்கும்போது விகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாரம் முழுவதும் எவ்வளவு செலவாகிறது, எவ்வளவு உள்ளே போகிறது என்பதில்தான் முடிவு இருக்கிறது. திரை காட்டும் கலோரி எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். முன்கம்பியை இரு கைகளாலும் இறுகப் பிடித்து உடல் பாரத்தை அதில் சாய்த்துக்கொண்டு நடப்பவருக்கும், கையை வீசி நடப்பவருக்கும் அது ஒரே எண்ணைத்தான் காட்டும்.

கேள்வி: வயது 36, இரண்டு குழந்தைகளின் தாய். உயரம் 155 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கூடிய எடை இறங்கவே இல்லை. எங்கள் தெருவில் பெண்கள் ஜிம்முக்குப் போகும் வழக்கம் இல்லை. நான் போனால் மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. எடை தூக்கினால் ஆண்களைப் போல் கை கால் முறுக்கேறிவிடும் என்றும் பயமாக இருக்கிறது. வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: சகோதரி, பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். தசை பருமனாக வளர முக்கியமான டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்பு, ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெண்களுக்கு இல்லை. திருமங்கலத்தைச் சுற்றி வயலில் நாற்றுக்கட்டு தூக்குகிறவர்களையும், கட்டட வேலையில் சாந்துச்சட்டியைத் தலையில் வைத்து மாடியேறும் சித்தாள்களையும் நீங்கள் அன்றாடம் பார்க்கிறீர்கள். நம் ஜிம்களில் பெண்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் இரண்டு கிலோ ரோஸ் நிற டம்பெல்லைப் போல் எத்தனையோ மடங்கை அவர்கள் ஆயுள் முழுவதும் சுமக்கிறார்கள்; அவர்களில் யாருடைய உடம்பும் நீங்கள் பயப்படுவதுபோல் ஆகிவிடவில்லை.

வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம். ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப்பை இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் 5 கிலோ அரிசிப் பையை வையுங்கள். இதுதான் உங்கள் டம்பெல். இதை வைத்துச் செய்யும் பயிற்சிகளில் முக்கியமான ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தண்ணீர்க் குடமோ 20 லிட்டர் கேனோ தூக்கும்போது முதுகு பிடித்துக்கொள்வதற்கு இதைத் தவறாகச் செய்வதும் ஒரு காரணம்.

சுவருக்கு முதுகைக் காட்டி, குதிகாலுக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு நில்லுங்கள். பைகளைக் கையில் எடுப்பதற்கு முன், வெறும் கையோடு, முழங்காலை இலேசாக மட்டும் மடக்கி, பின்பக்கத்தால் சுவரைத் தொடுவதுபோல் இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். இடுப்பு பின்னால் போகப் போக மேலுடல் தானாக முன்னால் சாயும். முதுகு மட்டும் முறம்போல் நேராக இருக்க வேண்டும். சுவர் பட்டதும் பின்தொடை இழுபடுவது தெரியும். அங்கிருந்து பின்பக்கத் தசையை இறுக்கி எழுந்து நில்லுங்கள். இது பழகியதும் சுவரை விட்டு இன்னும் நான்கு விரற்கடை தள்ளி நின்று பாருங்கள். அதுவும் எளிதான பிறகு பைகளைக் கையில் எடுங்கள். பைகள் தொடையை உரசிக்கொண்டே இறங்கி, உரசிக்கொண்டே ஏற வேண்டும். உடம்பைவிட்டு விலகினால் பாரம் கீழ்முதுகுக்குப் போய்விடும். பத்துத் தடவை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி பத்துத் தடவை.

இத்துடன் நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சமையல் மேடையில் கைகளை ஊன்றிச் சாய்வாகத் தண்டால் எடுப்பது, குனிந்த நிலையில் ஒரு பையை இடுப்பு வரை இழுப்பது என்று மூன்றைச் சேர்த்துக்கொண்டால் உடம்பு முழுவதற்கும் வேலை கிடைத்துவிடும். வாரத்தில் மூன்று நாள், முறைக்கு 25 நிமிடம். 5 கிலோ எளிதானதும் அரிசியைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

கார்டியோவுக்கு மொட்டை மாடியும் மாடிப்படியும் இருந்தால் போதும். பத்து நிமிடமாவது தொடர்ந்து நடந்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு சொல்லிவந்தார்கள். 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் உலகச் சுகாதார நிறுவனம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. குழந்தைகள் பள்ளிக்குச் சென்றபின் பத்து நிமிடம், மாலையில் துணி எடுக்கப் போகும்போது பத்து நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் என்று துண்டு துண்டாகவே நடக்கலாம். உயரத்துக்கு எடை பொருத்தமா என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) உங்களுக்கு 28 வருகிறது. இந்தியர்களுக்கு 25க்கு மேல் உடல் பருமன் என்று கொள்கிறோம். அவசரப்பட வேண்டாம், மாதம் ஒன்றரைக் கிலோ குறைந்தால் போதும். தைராய்டு பரிசோதனை இதுவரை செய்யாவிட்டால் ஒருமுறை செய்துவிடுங்கள். பிரசவம் அறுவை சிகிச்சையாக இருந்து தையல் இடத்தில் வலியோ வீக்கமோ இருந்தால், அல்லது தும்மும்போது சிறுநீர் கசிந்தால், எடை தூக்கத் தொடங்கும் முன் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். சொல்லக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் ஏராளம்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன். வயது 66. எடை 79 கிலோ. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறேன். முழங்கால் வலியால் நடையையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். வெளியூரில் இருக்கும் மகன், ‘அப்பா, நீங்கள் எடைப்பயிற்சி செய்யுங்கள்’ என்று வற்புறுத்துகிறான். இந்த வயதில் இது நடக்கிற காரியமா?
– வாசகர், மேலூர்

பதில்: ஐயா, தங்கள் மகன் சொல்வது சரி, இந்தப் பக்கத்துக்கு எழுதியவர்களில் எடைப்பயிற்சி அதிகம் தேவைப்படுபவர் தாங்கள்தான். 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 262 பேரை ஒன்பது மாதம் கவனித்தார்கள். நடை மட்டும், எடை மட்டும், இரண்டும் கலந்து என்று மூன்று பிரிவு. நான்காவது பிரிவுக்குப் பயிற்சி இல்லை. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, பயிற்சி இல்லாதவர்களோடு ஒப்பிடத் தெளிவாகக் குறைந்தது இரண்டையும் கலந்து செய்தவர்களுக்கு மட்டும்தான். இதில் பயிற்சிப் பிரிவுகள் மூன்றும் செலவழித்த நேரம் ஏறக்குறைய ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது நடையில் கொஞ்சம் எடுத்து எடைக்குக் கொடுத்தாலே பலன் கிடைத்தது. சாப்பாட்டில் வந்த சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

தங்கள் வயதினருக்கென்றே செய்த ஆய்வும் இருக்கிறது. 65 வயதைக் கடந்த, உடல் பருமனுள்ள 160 பேரைக் கொண்டு நடந்து 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. பயிற்சி செய்த மூன்று பிரிவினரும் உணவைக் குறைத்து உடல் எடையில் சுமார் 9 சதவீதம் இளைத்தார்கள். ஆனால் கார்டியோ மட்டும் செய்தவர்கள் கொழுப்பு அல்லாத எடையில் 5 சதவீதத்தை இழந்தார்கள். இரண்டையும் செய்தவர்கள் 3 சதவீதத்தை, எடை மட்டும் தூக்கியவர்கள் 2 சதவீதத்தை. நாற்காலியிலிருந்து எழுவது, படியேறுவது போன்றவற்றை வைத்துப் பார்த்த சோதனையில் முதலிடம் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே கிடைத்தது. அறுபதைத் தாண்டியபின் இழந்த தசையைத் திரும்பப் பெறுவது கடினம் என்பதால், எடைப்பயிற்சி இல்லாமல் பட்டினி கிடந்து இளைப்பதைத் தங்கள் வயதில் நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

தொடங்குவதற்கு முன் சில பரிசோதனைகள் அவசியம். இதயம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை நோயால் விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் முக்கி எடை தூக்குவது கண்ணுக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் மதுரைக்கு மேலூரிலிருந்து பேருந்தில் வந்துபோக அரை நாள் போதும், கண் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். இரத்த அழுத்தம் 180/110ஐத் தொட்டால் கட்டுக்குள் வரும்வரை எடையைத் தொடக் கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் பயிற்சிக்கு முன் சர்க்கரையைப் பாருங்கள். 90க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுச் சிறிது நேரம் கழித்துத் தொடங்குங்கள். சட்டைப் பையில் நான்கு குளுக்கோஸ் மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். மூச்சை அடக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வெறுங்காலோடு எதுவும் செய்ய வேண்டாம்.

முழங்கால் வலிக்கு நடையைக் குறைத்தது புரிகிறது, ஆனால் தொடையின் முன்பக்கத் தசை நலியும்போது மூட்டின் மேல் விழும் பாரம் கூடி, வலியும் கூடும். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்குங்கள். இருக்கையின் மேல் ஒரு தலையணையை வைத்து உயர்த்திக்கொண்டால் வலி இல்லாமல் செய்யலாம், வாரங்கள் போகப் போகத் தலையணையை எடுத்துவிடலாம். பள்ளியில் முப்பது வருடம் நின்றே பாடம் நடத்திய கால்கள் அவை, பழக்கினால் கேட்கும்.

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் கிராமம், மதுரையில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். வயது 24, எடை 84 கிலோ. எங்கள் தாத்தா இளவட்டக்கல் தூக்கியவர். நானும் ஜிம்மில் நன்றாகவே எடை தூக்குகிறேன், பலமும் கூடியிருக்கிறது, வயிறு மட்டும் குறையவில்லை. இரவு தினமும் பரோட்டாதான். புரோட்டீன் பவுடர் எடுத்தால் வயிறு குறையுமா?
– வாசகர், ஆரப்பாளையம், மதுரை

பதில்: தம்பி, பவுடரால் வயிறு குறையாது. மாவின் எடையையும் ஊற்றும் எண்ணெயையும் பார்த்தால் ஒரு பரோட்டாவில் 250 முதல் 300 கலோரி வரை இருக்கும். நீங்கள் மூன்றோடு எழுந்திருக்கிறவர் என்று வைத்துக்கொண்டாலும், சால்னாவைச் சேர்க்காமலே, அதை ஓடித் தீர்க்க 9 முதல் 11 கிலோமீட்டர் ஆகும். அதைத் தினமும் ஓடுவதைவிட வாரம் ஒரு நாள் பரோட்டா என்று வைத்துக்கொள்வது சுலபம்.

புரதம் தேவை என்பது உண்மை. இளைக்கும் காலத்தில் எடை தூக்குகிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவை. உங்களுக்கு நாளொன்றுக்கு 100 கிராமிலிருந்து 135 கிராம் வரை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் 14 கிராம், தோல் நீக்கி வேகவைத்த 100 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் 30 கிராமுக்குச் சற்றே குறைவு, ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். மெஸ்ஸில் சாப்பிடும் உங்களுக்கு இந்தக் கணக்கு நிறையாவிட்டால் ஒரு கரண்டி பவுடரைச் சேர்த்துக்கொள்ளலாம், அது வெறும் பாலிலிருந்து எடுத்த புரதம்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. எடைப்பயிற்சியை விடாதீர்கள், வாரத்தில் மூன்று நாள் முப்பது நிமிடம் நடையோ சைக்கிளோ கயிறு தாண்டுவதோ சேர்த்துக்கொள்ளுங்கள். தாத்தா அந்தக் கல்லைத் தூக்கியது ஊர்த் திருவிழாவில் ஒரு நாள். மற்ற நாள்களில் அவர் விடிந்தது முதல் ஏர் பிடித்து நடந்தார், மண்வெட்டி பிடித்தார். நீங்கள் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஏரை விட்டுவிட்டீர்கள்.

கேள்வி: வயிற்றைச் சுற்றி வியர்வை பெல்ட் கட்டிக்கொண்டு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடுகிறேன். ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. தொடரலாமா?
– வாசகர், கே. புதூர், மதுரை

பதில்: குறைந்தது ஒன்றரை லிட்டர் வியர்வை, வீட்டுக்கு வந்து இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்ததும் முக்கால்வாசி திரும்பி வந்திருக்குமே! வயிற்றில் வியர்த்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. நூறு தடவை வயிற்றுப் பயிற்சி செய்தாலும் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியாகக் குறையாது. கத்திரி வெயில் காலத்தில் மதுரையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, வெப்பம் வெளியேற வழியில்லாமல் ரப்பரைச் சுற்றிக்கொண்டு ஓடுவது ஆபத்து. காலை ஏழு மணிக்குள் ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரானால் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் நல்ல ஷூ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.